அரமும் எண்ணெய்க்கல்லும்: அமெரிக்க நெம்புகோல் துப்பாக்கியின் இயங்கமைவு மெருகேற்றலும் உற்பத்தி வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருமளவில் உற்பத்தியான நெம்புகோல் துப்பாக்கி, பகுதிகளை மாற்றிப் பொருத்தத்தக்க இயந்திர உற்பத்தியின் அடையாளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆயினும், அதை வாங்குவோர் வீட்டிலேயே கழற்றி, உள்பகுதிகளின் பிசிறு நீக்கி மெருகேற்றும் வழக்கம் அந்நாட்டில் இன்றும் நிலவுகிறது. இயந்திரமே முடித்துத் தந்ததாகச் சொல்லப்படும் பொருளுக்கு மீண்டும் கைவேலை ஏன் தேவைப்படுகிறது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. மெருகேற்றல் என்பது பொழுதுபோக்குக் கலை மட்டுமன்று. தொழிற்சாலைக்குள் அரவேலையாளர் செய்துவந்த இறுதிப் பணி, செலவுக் குறைப்பின் விளைவாக வாங்குவோரின் மேசைக்கு இடம்பெயர்ந்ததன் தடயமும் ஆகும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதே மெருகேற்றல், பழைய துப்பாக்கிகளில் எஞ்சியுள்ள கருவித்தடங்களாகிய வரலாற்றுச் சான்றை அழித்துவிடுகிறது என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நெம்புகோல் துப்பாக்கி, வின்செஸ்டர், மார்லின், அரவேலை, உள்ஒப்பந்த முறை, மெருகேற்றல், கருவித்தடம்

1. முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் பெயரோடும் காப்புரிமை ஆண்டோடும் நின்றுவிடுகிறது. ஒரு கருவி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பின்னர் அதை வைத்திருப்போர் அதன்மீது செய்யும் வேலை வரலாற்று நூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. நெம்புகோல் துப்பாக்கி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் புறவரலாறு, அதாவது உள்நாட்டுப் போர், மேற்குக் குடியேற்றம், பூர்வகுடிகளின் மீதான போர்கள் ஆகியவற்றில் அதன் பங்கு, விரிவாக எழுதப்பட்டுள்ளது. அதன் அகவரலாறு, அதாவது உள்ளே ஒன்றோடொன்று உராயும் இரும்புப் பரப்புகள் எவர் கையால் எந்த அளவு சீராக்கப்பட்டன என்பது, போதிய கவனம் பெறவில்லை.

இக்கட்டுரையில் ‘இயங்கமைவு’ என்னும் சொல், தோட்டாவைக் குழாயிலிருந்து எடுத்து, அறைக்குள் தள்ளி, பூட்டி, சுட்டபின் வெற்றுக்கூட்டை வெளியேற்றும் பகுதிகளின் தொகுதியைக் குறிக்கும். அத்தொகுதியைத் தாங்கும் உலோக உடல் ‘சட்டகம்’ எனவும், முன்னும் பின்னும் சென்று அறையை மூடும் பகுதி ‘தாழ்’ எனவும், தோட்டாவை அறையின் மட்டத்திற்கு உயர்த்தும் பகுதி ‘தூக்கி’ எனவும் வழங்கப்படுகின்றன. தோட்டாவின் வெடிமூட்டியை அடிக்கும் சுத்தியல் தமிழ் வழக்கில் உள்ளவாறே ‘குதிரை’ எனக் குறிக்கப்படுகிறது.

2. இயங்கமைவின் தோற்றம்

நெம்புகோல் துப்பாக்கியின் மூலவடிவம் வால்டர் ஹண்ட் 1849இல் காப்புரிமை பெற்ற தொடர்துப்பாக்கியாகும். அதை லூயிஸ் ஜென்னிங்ஸ் எளிமைப்படுத்தினார். வெர்மான்ட் மாநிலத்தின் வின்ட்சர் நகரிலிருந்த ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் பட்டறை அதை உற்பத்தி செய்தது. அங்குப் பணியாற்றிய பெஞ்சமின் டைலர் ஹென்றியும், இவ்வடிவத்தில் ஈடுபாடு கொண்ட ஹொரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் ஆகியோரும் இதனை மேம்படுத்தினர். 1855இல் தோன்றிய வால்கானிக் நிறுவனம் விரைவில் நொடித்தது. சட்டை உற்பத்தியாளரான ஆலிவர் வின்செஸ்டர் 1857இல் அதன் உடைமைகளைப் பெற்று, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் புதிய நிறுவனம் அமைத்தார். 1860 அக்டோபரில் ஹென்றி பெற்ற காப்புரிமையே உலோகக்கூட்டுத் தோட்டாவைக் கொண்ட முதல் வெற்றிகரமான நெம்புகோல் துப்பாக்கிகளுள் ஒன்றுக்கு வழிவகுத்தது. 1866ஆம் ஆண்டு வரையில் ஏறத்தாழ 14,000 ஹென்றி துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

1866இல் வின்செஸ்டர் பெயரிலேயே நிறுவனம் மறுசீரமைக்கப்பட்டது. சட்டகத்தின் பக்கவாட்டில் தோட்டா நுழைவாயில் அமைந்த மாதிரி அவ்வாண்டு வெளிவந்தது. இரும்புச் சட்டகம் கொண்ட 1873 மாதிரி ஏறத்தாழ 7,20,000 எண்ணிக்கையில் உற்பத்தியானது. இவ்வெண்ணிக்கை இக்கட்டுரைக்கு முக்கியமானது. பட்டறைக் கைவினைஞர் சிலர் ஒவ்வொன்றாய்ச் செதுக்கி இத்தனை துப்பாக்கிகளை உருவாக்க இயலாது. இயந்திரங்களும் அளவிகளும் அச்சுப்பிடிப்புகளும் இல்லாமல் இது நிகழ்ந்திராது. ஆனால் இயந்திரம் மட்டுமே இதைச் செய்ததா என்பதே வினா.

3. தொழிற்சாலைக்குள் அரம்

ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் பட்டறை 1851இல் லண்டன் கண்ணாடி மாளிகைப் பொருட்காட்சியில் தன் துப்பாக்கிகளின் பகுதிகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்திக் காட்டியது. அதன் விளைவாகப் பிரித்தானிய அரசு அமெரிக்கப் பட்டறைகளை ஆராயக் குழுக்களை அனுப்பியது. ‘அமெரிக்க உற்பத்தி முறை’ என்னும் பெயர் இதையொட்டியே நிலைபெற்றது. அம்முறையின் மையக் கருத்து, பகுதிகள் இயந்திரத்திலிருந்து வரும்போதே பொருந்தத்தக்கவையாக இருக்கும். பொருத்துநரின் அரம் தேவைப்படாது என்பதாகும்.

இக்கருத்தை அண்மைக்கால ஆய்வுகள் மறுபரிசீலனைக்கு உட்படுத்தியுள்ளன. மெரிட் ரோ ஸ்மித் 1977இல் வெளியிட்ட ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச்சாலை பற்றிய நூல், புதிய முறை எளிதில் ஏற்கப்படவில்லை என்பதையும் கைவினைஞரின் எதிர்ப்பு எத்தகையது என்பதையும் காட்டியது. டேவிட் ஹவுன்ஷெல் 1984இல் வெளியிட்ட நூல், சிங்கர் தையல் இயந்திரம் போன்ற புகழ்பெற்ற பொருள்கள்கூட நெடுங்காலம் கையால் பொருத்தப்பட்டே வெளிவந்தன என நிறுவியது. ராபர்ட் கார்டன் 1988இல் வெளியிட்ட கட்டுரை மேலும் ஒரு படி சென்றது. அவர் ஆவணங்களை மட்டும் நம்பாமல், ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் உருவான துப்பாக்கிப் பகுதிகளின் பரப்பையே ஆராய்ந்தார். இயந்திரத் தடங்களின்மீது அரத்தின் தடங்கள் படிந்திருப்பதைக் கண்டார். பகுதிகளின் துல்லியம் காலப்போக்கில் உயர்ந்ததற்கு இயந்திரங்களோடு அளவி கொண்டு அரம் பிடித்த தொழிலாளரின் திறனும் காரணம் என்பது அவரது முடிவு.

வின்செஸ்டர் ஆலையின் அமைப்பும் இதனோடு ஒத்துப்போகிறது. அங்கு நிலவிய உள்ஒப்பந்த முறையை ஜான் பட்ரிக் 1952இல் வெளியிட்ட கட்டுரை விளக்குகிறது. நிறுவனம் இடம், இயந்திரம், ஆற்றல், மூலப்பொருள் ஆகியவற்றைத் தரும். ஒப்பந்ததாரர் தம் ஆள்களைத் தாமே அமர்த்தி, குறிப்பிட்ட பகுதியை எண்ணிக்கைக்கு இவ்வளவு என்னும் விலைக்குச் செய்து தருவார். தொழிற்சாலையின் கூரைக்குள் பல சிறு பட்டறைகள் இயங்கின எனலாம். எந்த இடத்தில் எத்தனை முறை அரம் ஓடவேண்டும் என்னும் அறிவு நிறுவனத்தின் வரைபடத்தில் இல்லை. ஒப்பந்ததாரரிடமும் அவர்தம் ஆள்களிடமுமே இருந்தது. இம்முறை முதல் உலகப்போர்க் காலத்திற்குள் மறைந்தது. அறிவு தாளில் இல்லாமல் கையில் இருந்தது என்னும் செய்தி, பின்வரும் பகுதிகளுக்கு அடிப்படையாகும்.

இறுதி வேலையின் அளவுக்கேற்ப விலை உயர்ந்ததற்கும் சான்று உண்டு. 1873 மாதிரியில் சிறப்பாகச் சுட்ட குழல்களைத் தேர்ந்து, கூடுதல் மெருகோடும் நுண்விசையோடும் ‘ஆயிரத்தில் ஒன்று’ என்னும் பெயரில் நிறுவனம் 100 டாலருக்கு விற்றது. ஆக, ஒரே மாதிரியின் துப்பாக்கிகள் எல்லாம் சமமானவை அல்ல என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

4. மூன்று இயங்கமைவுகள், மூன்று வகை உராய்வு

மெருகேற்றலின் தன்மை இயங்கமைவின் வடிவத்தைப் பொறுத்தது. ஆதலின் மூன்று முக்கிய வடிவங்களை வேறுபடுத்தி நோக்குதல் வேண்டும்.

முதலாவது, ஹென்றி முதல் 1873 வரையிலான மூட்டுக்கண்ணி வடிவம். நெம்புகோலை மூடும்போது இரு பக்கமும் உள்ள கண்ணிகள் முழங்கால் நிமிர்வதுபோல் நேர்கோடாகி, தாழை முன்னே நிறுத்துகின்றன. சட்டகத்தின் பக்கத் தகடுகளை ஒரே திருகாணி பிணைத்திருப்பதால், அதைக் கழற்றியதும் முழு இயக்கமும் கண்ணுக்குத் தெரியும். இதன் உராய்வு பெரும்பாலும் கண்ணிகளின் அச்சாணிகளிலும், செங்குத்தாக ஏறியிறங்கும் தூக்கியின் பக்கங்களிலும், நெம்புகோலையும் தூக்கியையும் அழுத்தும் தட்டைவில்களிலும் நிகழ்கிறது. கையில் உணரும் கடினத்தில் பெரும்பங்கு தட்டைவில்களின் மிகையான அழுத்தத்தால் வருவது.

இரண்டாவது, ஜான் மோசஸ் பிரவுனிங் வகுத்த 1886, 1892 மாதிரிகளின் வடிவம். மூட்டுக்கண்ணி வலிமை மிக்க தோட்டாக்களைத் தாங்காது என்பதால், தாழின் இருபுறமும் செங்குத்தாக உயர்ந்து அதைப் பூட்டும் இரு கட்டைகளை அவர் அமைத்தார். 1892 மாதிரி 1886இன் சிறு வடிவம். பத்து இலட்சத்திற்கு மேல் உற்பத்தியானது. இதில் பூட்டுக்கட்டைகள் சட்டகத்தின் பள்ளங்களில் வழுக்குகின்றன; தாழ் பின்னே செல்லும்போது குதிரையை அழுத்திச் சாய்க்கிறது; மூடும்போது கூட்டை உதைத்து வெளியேற்றும் சுருள்வில் அமுங்குகிறது. மூன்று எதிர்ப்புகளும் வெவ்வேறு கட்டங்களில் வருவதால், அனுபவமுடையோர் நெம்புகோல் எந்தக் கோணத்தில் தடைபடுகிறது என்பதைக் கொண்டே உள்ளே எது உராய்கிறது என அறிவர். 1894 மாதிரியில் தாழின் பின்னே ஒற்றைப் பூட்டுக்கட்டை எழுகிறது. எழுபது இலட்சத்திற்கு மேல் உற்பத்தியான இம்மாதிரி, வேட்டைத் துப்பாக்கியாக அமெரிக்கக் குடும்பங்களில் பரவலாக இடம்பெற்றது.

மூன்றாவது, மார்லின் வடிவம். சட்டகத்தின் மேற்பகுதி திறப்பின்றி மூடியிருக்க, வெற்றுக்கூடு பக்கவாட்டில் வெளியேறுவது 1889 முதல் இதன் தனித்தன்மை. நெம்புகோலின் அச்சுத் திருகாணி ஒன்றை அகற்றினால் நெம்புகோலும் தாழும் வெளிவந்துவிடும். கழற்றுவதற்கு எளிதாக இருப்பதே இதன் புகழுக்கு ஒரு காரணம். இதற்குரிய குறையும் பரவலாக அறியப்பட்டது: நெம்புகோலின் கூரிய விளிம்பு தூக்கியின் அடிப்பரப்பில் நாளடைவில் பள்ளம் அறுத்துவிடுவதால், தூக்கி உரிய நேரத்தில் எழாமல், இரண்டாவது தோட்டா நுழைந்து இயங்கமைவு அடைத்துக்கொள்ளும். அந்த விளிம்பைச் சற்றே மழுக்கியிருந்தால் இது பெரும்பாலும் நேராது. ஆலையில் அரம் ஒருமுறை ஓடியிருக்க வேண்டிய இடம் அது. வாங்கியவர் பின்னாளில் அதைச் செய்கிறார்.

5. வீட்டுப் பட்டறை உருவான சூழல்

துப்பாக்கியை வீட்டில் கழற்றும் வழக்கம் சட்டச் சூழலோடும் தொடர்புடையது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிறர் துப்பாக்கியைத் தொழிலாகப் பழுதுபார்ப்போர் உரிமம் பெறவேண்டும் என்கிறது. தம் துப்பாக்கியைத் தாமே சீராக்குவோரை அது கட்டுப்படுத்தவில்லை. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ்ப் பழுதுபார்த்தலும் உரிமத்திற்கு உட்பட்டது. ஆகவே இங்கு ஆராயப்படும் வழக்கம் அந்நாட்டுச் சூழலுக்கே உரியது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வறிவு அச்சில் ஏறியது. கிளைட் பேக்கரின் கையேடு 1928இலும், ஜேம்ஸ் ஹவ் எழுதிய இரு தொகுதிக் கையேடு 1934இலும், ராய் டன்லப்பின் நூல் 1950இலும் வெளிவந்தன. அயோவாவின் மாண்டெசுமா நகரில் 1939இல் தொடங்கிய பிரௌனெல்ஸ் நிறுவனம், துப்பாக்கிக் கொல்லருக்குரிய அரம், எண்ணெய்க்கல், திருப்புளி, வில் முதலியவற்றை அஞ்சல்வழி விற்றது. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கான அரசு கல்வி உதவியால் துப்பாக்கித் தொழில் பயிற்சிக் கல்லூரிகளும் பெருகின. கொலராடோவின் டிரினிடாட் கல்லூரி 1947இல் இப்பயிற்சியைத் தொடங்கியது. உள்ஒப்பந்த முறை மறைந்தபின் ஆலைக்குள் நிச்சயமற்றுப் போன கையறிவு, ஆலைக்கு வெளியே நூலாகவும் பாடமாகவும் மறுவடிவம் பெற்றதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

மெருகேற்றலுக்கு இரண்டாவது உந்துதல் போட்டிகளிலிருந்து வந்தது. பழைய மேற்கின் உடையணிந்து 1899க்கு முந்தைய வடிவமுடைய துப்பாக்கிகளால் சுடும் போட்டி 1980களில் கலிபோர்னியாவில் உருவானது. அதனை நெறிப்படுத்தும் சங்கம் 1987இல் அமைந்தது. வெற்றியைத் தீர்மானிப்பது நேரம். தவறிய குறி ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி சேரும். எனவே நெம்புகோல் தடையின்றி ஓடுவது போட்டியாளருக்கு இன்றியமையாததாயிற்று. இத்தாலியின் உபெர்ட்டி, பிரேசிலின் ரோஸ்ஸி, ஜப்பானின் மிரோக்கு ஆகியவை செய்த மறுவடிவங்கள் இத்தேவையை நிறைவு செய்தன.

இங்கே ஒரு முரண் கருதத்தக்கது. வலிமை குறைந்தது என்று 1886க்குப் பின் படிப்படியாகக் கைவிடப்பட்ட மூட்டுக்கண்ணி வடிவமே போட்டிகளில் பெரிதும் விரும்பப்படுகிறது. போட்டித் தோட்டாக்கள் அழுத்தம் குறைந்தவை. ஆதலால் வலிமைக் குறை பொருட்டன்று. கண்ணிகளின் அளவை மாற்றி நெம்புகோலின் வீச்சைக் குறைக்கவும் அவ்வடிவம் இடம் தருகிறது. மேம்பாடு என்பது எதற்காக என்னும் கேள்வியைப் பொறுத்தே ஒரு வடிவம் மேலானதா அல்லதா என்பது அமைகிறது.

6. கழற்றுதலும் மெருகேற்றுதலும்: செயல்முறையும் எல்லையும்

கையேடுகளும் தொழிலறிந்தோரும் கூறும் செயல்முறையின் கட்டங்கள் ஏறத்தாழ ஒருமித்தவை. தோட்டா எதுவும் அறையிலோ குழாயிலோ இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தல் முதலாவது. அடுத்தது பொருத்தமான திருப்புளி. கடைகளில் கிடைக்கும் ஆப்பு வடிவ முனை, திருகாணித் தலையின் பிளவில் மேல்விளிம்பை மட்டுமே பற்றி அதைச் சிதைத்துவிடும். பிளவின் அகலத்திற்கும் தடிப்பிற்கும் இணையாகச் சாணை பிடித்த முனையே தேவை. பழைய துப்பாக்கிகளின் சிதைந்த திருகாணித் தலைகள், முன்னர் எவரோ அவற்றைக் கழற்ற முயன்றதற்கான சான்றுகளாக இன்று வாசிக்கப்படுகின்றன. 1892 வடிவத்தில் கட்டையின் பிடிப்பகுதி, குதிரை, கீழ்த்தகடு ஆகியவற்றை வரிசையாக நீக்கிய பின்னரே பூட்டுக்கட்டைகளின் ஊசியை அடைய முடியும்; மீண்டும் சேர்க்கும்போது பல துளைகள் ஒருங்கே நேர்ப்பட வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் ஒளிப்படமெடுத்து வைக்குமாறு கூறப்படுவது இதனாலேயே.

கழற்றிய பின், எங்கே உராய்வு நிகழ்கிறது என்பதை அறிதல் வேண்டும். பகுதிகளின்மீது மையோ புகைக்கரியோ பூசி, மீண்டும் சேர்த்துச் சில முறை இயக்கினால், மை தேய்ந்த இடங்கள் உராய்வைக் காட்டிக் கொடுக்கும். அவ்விடங்களில் மட்டும் நுண்மையான எண்ணெய்க்கல்லாலும் மிக நுண்ணிய உப்புத்தாளாலும் இயந்திரத்தடத்தின் மேடுகளைத் தேய்ப்பர். உலோகத்தை அகற்றுவது நோக்கமன்று. மேடுகளைத் தணிப்பதே நோக்கம். பின்னர்க் கழுவி, எண்ணெயிட்டு, வெற்றாக நூற்றுக்கணக்கான முறை இயக்கிப் பரப்புகளை ஒன்றோடொன்று பழக்குவர். தேவைக்கு மிஞ்சிய வில்களை மெலிதான வில்களால் மாற்றுவர்.

இச்செயல்முறைக்குத் திட்டவட்டமான எல்லைகளும் உண்டு. முதலாவது, மேல்தோல் கடினமாக்கல். குதிரை, நெம்புகோல் போன்றவை மென்மையான உள்ளுடலையும் கரியூட்டி வன்மையாக்கிய மெல்லிய மேல்தோலையும் கொண்டவை. மேல்தோலைக் கடந்து தேய்த்தால் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு விரைவில் தேய்ந்துபோகும். இரண்டாவது, பூட்டும் பரப்புகள். தாழின் முகத்திற்கும் தோட்டாவின் அடிவிளிம்பிற்கும் இடையிலான இடைவெளியைத் தீர்மானிப்பவை அவை. அங்கு உலோகம் குறைந்தால் இடைவெளி பெருகி, தோட்டாக்கூடு வெடிக்கும் இடர் நேரலாம். மூன்றாவது, குதிரையும் விசையும் கொளுவும் விளிம்புகள். அவற்றின் கோணம் சிறிது மாறினாலும் குதிரை தானே விழக்கூடும். இவ்வேலையைப் பயிற்சி பெற்ற கொல்லரிடமே விடுதல் வேண்டும் என்பது பொதுக்கருத்து. 1873 மாதிரியில் நெம்புகோல் முழுதும் மூடும்வரை விசையைத் தடுக்கும் சிறு பாதுகாப்பு உண்டு. வேகத்திற்காக அதைச் செயலிழக்கச் செய்தால், கண்ணிகள் நேராகும் முன்னரே குதிரை விழ இடமுண்டாகும்.

இவ்வெல்லைகள் வரலாற்று நோக்கிலும் பொருளுடையவை. எங்கே தேய்க்கலாம், எங்கே தேய்க்கலாகாது என்னும் பாகுபாடே பழைய அரவேலையாளரின் அறிவின் சாரம். அவரிடம் அளவியும் மேற்பார்வையாளரும் இருந்தனர். வீட்டு மேசையில் அவை இல்லை. வேலை இடம்பெயர்ந்தபோது அதற்குரிய சோதனைமுறை உடன் வரவில்லை.

7. இறுதி வேலை இடம்பெயர்ந்த இரு தருணங்கள்

இறுதி வேலை ஆலையிலிருந்து வெளியேறியதை இரு நிகழ்வுகளில் தெளிவாகக் காணலாம்.

முதலாவது 1964. வின்செஸ்டர் நிறுவனம் அவ்வாண்டு தன் துப்பாக்கிகளின் வடிவமைப்பைச் செலவு கருதி மாற்றியது. 94 மாதிரியில் கடைந்தெடுத்த தூக்கிக்குப் பதிலாகத் தகட்டை அழுத்திச் செய்த தூக்கியும், திண்ணிய ஊசிகளுக்குப் பதிலாகச் சுருட்டிய ஊசிகளும் இடம்பெற்றன. மாற்றத்தின் காரணம் ஊதியச் செலவே: கைத்திறன் தேவைப்படும் வேலைநேரம் விலையை உயர்த்தியது. அதுமுதல் ‘64க்கு முன்’ என்பது சேகரிப்போர் வழக்கில் தரத்தைக் குறிக்கும் தொடராயிற்று. நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடப்பட்டது.

இரண்டாவது மார்லின். 2007 இறுதியில் ரெமிங்டன் இந்நிறுவனத்தை வாங்கியது. கனெக்டிகட்டின் நார்த் ஹேவன் ஆலை 2011இல் மூடப்பட்டு, உற்பத்தி நியூயார்க் மாநிலத்தின் இலியனுக்கு மாற்றப்பட்டது. இயந்திரங்கள் இடம் மாறின. பழகிய தொழிலாளர் பெரும்பாலும் மாறவில்லை. மாற்றத்தை அடுத்த ஆண்டுகளில் வந்த துப்பாக்கிகளின் பொருத்தமும் மெருகும் குறைந்தன என்னும் குறைகூறல் வாங்குவோரிடையே பரவியது. அவ்வாண்டுகளின் துப்பாக்கிகளுக்குத் தனிப் பழிப்பெயரே வழங்கலாயிற்று. வீட்டில் மெருகேற்றும் ஆர்வம் இக்காலத்தில் மிகுந்ததில் வியப்பில்லை. ரெமிங்டன் 2020இல் நொடித்தபின் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கி, வட கரோலினாவின் மேயோடன் ஆலையில் புதிய கணினி இயந்திரங்களைக் கொண்டு 2021 இறுதியில் உற்பத்தியை மீண்டும் தொடங்கியது.

இரு நிகழ்வுகளையும் ஒருங்கே நோக்கும்போது ஒரு பொதுத்தன்மை புலனாகிறது. 1964இல் கைவேலையைத் தவிர்க்க வடிவம் மாற்றப்பட்டது. 2011இல் வடிவம் மாறாமல் கை மட்டும் மாறியது. இரண்டாவது நிகழ்வு, கார்டனின் முடிவுக்கு நிகழ்காலச் சோதனை போன்றது. முழுமையாக இயந்திரத்தாலும் வரைபடத்தாலுமே ஒரு பொருள் உருவாகியிருப்பின், அவற்றை வேறிடத்திற்குக் கொண்டுசென்றதும் அதே பொருள் கிடைத்திருக்க வேண்டும். அவ்வாறு கிடைக்கவில்லை என்றே வாங்கியோர் உணர்ந்தனர். வரைபடத்தில் எழுதப்படாத அறிவு எவ்வளவு இருந்தது என்பது, அது இல்லாமற்போனபோதே தெரியவந்தது.

8. மெருகேற்றலும் சான்றழிவும்

இதுவரை மெருகேற்றல் வரலாற்றுச் சான்றாக நோக்கப்பட்டது. அது சான்றை அழிப்பதும் ஆகும் என்பதைக் கருதாமல் இவ்வாய்வு நிறைவுறாது.

கார்டனின் ஆய்வு, பகுதிகளின் பரப்பில் எஞ்சிய அரத்தடங்களை அடிப்படையாகக் கொண்டது. மான்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகியோர் நடத்திய தொல்லியல் ஆய்வும் இத்தகையதே. வெற்றுத் தோட்டாக்கூடுகளில் பதிந்த அடிமுள்ளின் தடங்களை ஒப்பிட்டு, 1876 போரில் எத்தனை துப்பாக்கிகள் எவ்விடங்களில் சுட்டன என அவர்கள் கண்டறிந்தனர். ஹென்றி, வின்செஸ்டர் தொடர்துப்பாக்கிகளை லகோட்டா, செயேன் வீரர்கள் கணிசமாகப் பயன்படுத்தினர் என்பது அவ்வாறே உறுதிப்பட்டது. போரில் வென்றோரின் எழுத்து ஆவணங்கள் மிகக் குறைவான நிலையில், உலோகத் தடமே அவர்தம் செயலுக்குச் சாட்சியாயிற்று.

இத்தகைய தடங்கள் ஒரு மில்லிமீட்டரின் மிகச்சிறு பகுதி ஆழமுடையவை. எண்ணெய்க்கல்லைச் சில நிமிடம் ஓட்டினால் அவை மறைந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கி ஒன்றின் உள்பகுதியை நன்னோக்கோடு மெருகேற்றுபவர், பெயர் பதிவாகாத அரவேலையாளர் ஒருவர் விட்டுச்சென்ற ஒரே கையொப்பத்தை நீக்குகிறார். உள்ஒப்பந்ததாரர் அமர்த்திய ஆள்களுக்கு நிறுவன ஆவணங்களில் விரிவான இடமில்லை என்பதை நினைவிற்கொண்டால், இவ்விழப்பின் தன்மை விளங்கும்.

எனவே மறுவடிவங்களுக்கும் மூலத் துப்பாக்கிகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு கடைப்பிடிக்கப்பட வேண்டும். மறுவடிவங்களில் மெருகேற்றல் புதிய உற்பத்தியின் இறுதிக்கட்டம். மூலத் துப்பாக்கிகளில் அழுக்கு நீக்கி எண்ணெயிடுவதோடு நிற்றலே தகும். தவிர்க்க இயலாமல் ஒரு பரப்பைத் தொட நேரின், முன்னதாக உருப்பெருக்கி வழி ஒளிப்படமெடுத்து, வரிசை எண்ணோடு பதிந்து வைத்தல் ஆய்வாளருக்குப் பயன்படும்.

9. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகள் வருமாறு:

அ. நெம்புகோல் துப்பாக்கி இயந்திர உற்பத்தியின் விளைவாயினும், அதன் சீரான இயக்கம் தொடக்கமுதலே கைவேலையைச் சார்ந்திருந்தது. மாற்றிப் பொருத்தத்தக்க உற்பத்தி கைவேலையை ஒழித்தது என்பதைவிட, அதை மறைத்தது என்பதே பொருந்தும்.

ஆ. வீட்டில் கழற்றி மெருகேற்றும் வழக்கம் அவ்விறுதி வேலையின் இடப்பெயர்வாகும். உள்ஒப்பந்த முறையின் மறைவு, 1964ஆம் ஆண்டு வடிவ மாற்றம், 2011ஆம் ஆண்டு ஆலை மாற்றம் ஆகியவை இவ்விடப்பெயர்வின் கட்டங்கள். ஆலையில் ஊதியம் பெற்றுச் செய்யப்பட்ட வேலை, வீட்டில் ஊதியமின்றிச் செய்யப்படுகிறது. விலைப்பட்டியலில் குறைந்த செலவு, வாங்குவோரின் நேரமாக ஈடுசெய்யப்படுகிறது.

இ. வேலை இடம்பெயரும்போது அதற்குரிய அளவிகளும் சோதனைகளும் உடன் வருவதில்லை. பூட்டும் பரப்பு, விசைவிளிம்பு ஆகியவற்றைப் பற்றிய எச்சரிக்கைகள் இவ்விடைவெளியை நிரப்ப எழுந்தவை.

ஈ. மூலத் துப்பாக்கிகளின் கருவித்தடங்கள், எழுத்தாவணத்தில் இடம்பெறாத தொழிலாளரையும் போராளரையும் அறிவதற்கான முதன்மைச் சான்றுகள். மெருகேற்றல் அவற்றை மீட்க இயலாதவாறு நீக்குகிறது.

பொருள்களின் பரப்பை ஆவணமாக வாசிக்கும் இம்முறை, துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. இயந்திரத்தால் ஆனவை எனக் கருதப்படும் பிற பொருள்களிலும் கையின் தடத்தைத் தேடும் ஆய்வுகள் மேற்கொள்ளப்படின், தொழிலாளர் வரலாறும் தொழில்நுட்ப வரலாறும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும்.